பாதி எட்டு

மடியில் பெட்டி. பெட்டியின் மூடியில் சின்னக் கண்ணாடிக்குள் முப்பத்தாறு புள்ளி எட்டு டிகிரி என்று சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. எட்டு. வேறு எண்ணே கிடைக்கவில்லையா இதுக்கு என்று ஜெபக்கனி முகத்தைத் திருப்பினால், சிக்னலில் முன்னால் நின்ற தண்ணி லாரியின் முதுகு முழுக்க எட்டு எட்டாக ஒரு போன் நம்பர். சரி, கண்ணை மூடு. மூடினால் இன்னும் மோசம், கண்ணுக்குள்ளேயே அது வந்து நின்றது: விரல் நீளத்தில் ஒரு குப்பி, அதன் மேல் நீல மார்க்கரில் எழுதிய ஓர் எண், அந்த எண்ணின் மேல் ஸ்பிரிட் பஞ்சை வைத்துத் துடைக்கிற அவளுடைய சொந்தக் கட்டைவிரல். செல் வளர்க்கிற அறைக்குள் எதைக் கொண்டுபோனாலும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். கிருமி போகும். கூடவே மார்க்கர் எழுத்தும் போகும். இது அங்கே கூட்டிப் பெருக்க வருகிறவருக்குக்கூடத் தெரியும். எழுத்துக்கு மேலே டேப் ஒட்டுங்க என்று புதுப் பிள்ளைகளிடம் வருஷக்கணக்காகத் தொண்டைத்தண்ணி வற்றக் கத்தினவள் இவள். அப்படிப்பட்டவள் ஐந்து வாரத்துக்கு முன்னால், செல்லை உறைய வைத்திருக்கிற நைட்ரஜன் டப்பாவிலிருந்து எடுத்த குப்பியை, பனி உருகி வழிகிற அவசரத்தில், எண்ணைச் சரியாகப் பார்க்காமல் துடைத்தாள். துடைத்த பிறகு பார்த்தாள். மூன்று என்று இருந்தது. நோட்டில் மூன்று என்று எழுதினாள். அதோடு அதை மறந்தாள். இன்று காலைவரை மறந்தேதான் இருந்தாள். இன்று காலையில் வண்டி வந்துவிட்டதென்று கீழேயிருந்து போன் வந்த பிறகு, தட்டுகளைப் பெட்டிக்குள் வைக்குமுன் மேலோட்டமாக ஒரு துடைப்பு. நேற்றைய தேதி பதினெட்டு என்று அவளே எழுதியிருந்தது பதிமூன்றாகி அவளைப் பார்த்தது. எட்டின் இடதுபக்கம் அழிந்தால் மிச்சம் மூன்று. அவ்வளவுதான். தட்டுகளை உள்ளே வைத்து, பெட்டியை மூடித் தூக்கிக்கொண்டு படியிறங்கி வண்டியில் ஏறி உட்கார்ந்தும்விட்டாள். வண்டி வந்துவிட்டது, ஏறினாள்.

மூன்றுக்கும் எட்டுக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம் என்று ஊரில் அம்மா கேட்பாள். அம்மாவுக்குச் சொல்கிற மாதிரி மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். முட்டி ஆபரேஷனில் வெட்டியெடுத்த குருத்தெலும்புத் துண்டிலிருந்து செல்லைப் பிரித்துத் தட்டில் வளர்ப்பாங்கம்மா. தட்டு நிறைஞ்சதும் பிரிச்சு வேறு தட்டுக்கு மாத்தணும், அது ஒரு பாசேஜ், ஒரு தலைமுறைன்னு வச்சுக்கோ. மூணாவது தலைமுறை வரைக்கும் அதுக்குத் தான் யாருன்னு ஞாபகம் இருக்கும், குருத்தெலும்பு செய்யும். எட்டாவதுக்கு வந்துட்டா மறந்துரும். உயிரோடதான் இருக்கும், நல்லாத் தின்னும், நல்லாப் பெருகும், ஆனா குருத்தெலும்பு செய்யச் சொன்னா திருதிருன்னு முழிச்சுக்கிட்டுத் தழும்பு மாதிரி நாரைச் செய்யும். அம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு, சரிட்டி, எப்பட்டி முடியும், என்பாள். வேறென்ன கேட்பாள் பாவம். தூத்துக்குடியில் நாலு வருஷமாக ஒவ்வொரு புதுவருஷ ஆராதனையிலும் அதே விண்ணப்பச் சீட்டு: மகள் ஜெபக்கனி டாக்டர் பட்டம் முடிய. போன வருஷம் சபை ஐயர் சீட்டைப் பார்த்துவிட்டு, இன்னுமா, என்று கேட்டாராம். அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள், ஆனால் போனை வைக்கிறபோது அந்தச் சிரிப்பு இல்லை. முடியும்மா. டிசம்பர் முப்பத்தொன்று. அதற்கு மேல் ஒரு நாள் கிடையாது என்று கமிட்டியில் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டாயிற்று, போன தடவையும் அதற்கு முந்தின தடவையும் நீட்டித்தது போதும் என்று. இன்றைக்கு முயல்களின் முட்டியில் வைத்தால்தான் பன்னிரண்டு வாரம் கழித்து எடுத்துப் பார்த்து, எழுதி, டிசம்பருக்குள் கொடுக்க முடியும். இன்றைக்கு. நாளைக்குக் கூட இல்லை. ஆறு முயலுக்கு வாங்கின அனுமதி இந்த மாதத்தோடு காலாவதி, மறுபடி கேட்டால் ஆறு மாதம். சரி, மூன்றாகவே இருந்தால்? மூன்றாகவே இருக்கலாமே. எல்லா மூன்றும் அழிந்த எட்டா என்ன? மூன்று என்று ஓர் எண் உலகத்தில் உண்டுதானே, ஏசப்பா. கட்டைவிரலில் நீலம் ஒட்டியிருந்ததா அன்றைக்கு? ஒட்டியிருந்தது. கையுறை மேலே ஒரு நீலத் தீற்றல். அது அன்றைக்குத்தானா, வேறு நாளா? எந்த நாளும் ஒட்டுகிற நீலம்தான் அது.

கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறுகிறபோது டிரைவர் எத்திராஜ் பேச ஆரம்பித்தார். நிறுவனத்து வண்டியைப் பதினைந்து வருஷமாக ஓட்டுகிற மனிதர், யாரைக் கண்டாலும் பேசிவிடுவார், பெட்டியில் இருப்பது முட்டிக்கான சமாச்சாரம் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். கிளட்சு மிதித்து மிதித்து இடது முட்டி காலி, மாடிப்படி ஏறினால் உள்ளே மணல் அரைபடுகிற சத்தம், டாக்டர் முட்டியையே மாற்றச் சொல்கிறார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஜெபக்கனி உம் கொட்டினாள். குப்பியை உறைய வைத்தது ஃபைரோஸ் அண்ணா. அவளுக்கு மூன்று வருஷம் சீனியர், இப்போது ஸ்வீடனில். ஒரே நோயாளியின் செல்லில் ஒப்பிட்டுப் பார்க்க என்று மூன்றாவதில் ஒரு குப்பியும் எட்டாவதில் ஒரு குப்பியும் வைத்துவிட்டுப் போனார். ரெஜிஸ்டரில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் குழி. அவள் போனபோது ஒன்றுதான் இருந்தது. இன்னொன்றை யாரோ எடுத்துவிட்டு எழுதாமல் போயிருக்கிறார்கள், அது அங்கே தினப்படி நடக்கிறது, குப்பிகள் அடுக்குகிற பெட்டியைத் தலைமாற்றி வைப்பதும் தினப்படி, ஆகவே எந்தக் குழி என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. காலிக் குப்பி அன்றைக்கே குப்பைப் பைக்குப் போய் வெந்து கரைந்திருக்கும். படம் எடுத்திருக்கலாமென்றால் அந்த அறைக்குள் போனுக்கு அனுமதி இல்லை. மிச்சம் ஒன்றுதான்: ஃபைரோஸ் அண்ணா மூன்றை எப்படி எழுதுவார்? மேலே வளைத்தா, தட்டையாகக் கோடு இழுத்தா? அவள் பார்த்தது வளைவு. மேலேயும் வளைவு, கீழேயும் வளைவு. அல்லது நோட்டில் அவள் எழுதியது வளைவா, அதைத்தான் இப்போது குப்பி மேல் ஒட்ட வைத்துப் பார்க்கிறாளா? வண்டியில் ஏறினதுமே அவருக்குச் செய்தி போட்டிருந்தாள். அண்ணா, நீங்க மூணு எப்படி எழுதுவீங்க? அங்கே விடிகிற நேரம். பைத்தியம் என்று நினைப்பார். ஒற்றை டிக். எடுத்துப் பார்த்தாள், ஒற்றை டிக். அசோக் பில்லர் தாண்டி ஒரு தடவை எடுத்துப் பார்த்தாள். ஒற்றை டிக். பெட்டியில் முப்பத்தாறு புள்ளி ஒன்பது. “இது நம்ம மாதிரி ஆளுங்களுக்கு எப்பம்மா வரும்?” என்று எத்திராஜ் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார். வரும்ண்ணா, கொஞ்ச வருஷம் ஆகும் என்றாள். அதற்குள் நம்ம கதை முடிந்துவிடும் என்று சிரித்துவிட்டு, பரவாயில்லை, பிள்ளைங்களுக்காவது ஆகும், நீங்கள் பார்த்துச் செய்யுங்கள் என்றார். பார்த்துச் செய்யுங்கள். அந்த ஒரு சொல் போய் நெஞ்சில் எங்கேயோ மாட்டிக்கொண்டது. வடபழனியில் மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்ட இடத்தில் வண்டி அரை அடி, அரை அடியாக நகர்ந்தது, அந்தச் சொல்லும் போவேனா என்று அங்கேயே நின்றது. பார்க்காமல் செய்தாள் என்றா சொல்ல முடியும்? பார்த்தாளே. மனசு அந்தப் பக்கம் திரும்பினபோதெல்லாம் இத்தனை நேரம் வேறு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாள், இனி இழுக்கக் கையில் தெம்பில்லை. குப்பியை உருக்கித் தட்டில் போட்ட ஐந்தாம் நாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். கூழாங்கல் மாதிரி உருண்டையாக இருக்க வேண்டியவை நீள நீளமாக இருந்தன. சில நேரம் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். போன வாரம் தட்டில் வளர்ந்ததிலிருந்து ஒரு துண்டை எடுத்துச் சாயம் போட்டாள். குருத்தெலும்பு உண்டாகியிருந்தால் நல்ல சிவப்பு ஏற வேண்டும். வெளிறிப்போன ரோஸ். சாயம் பழசு என்றாள். புதுச் சாயம் கரைத்தாள். ரோஸ். அப்புறம் என்ன செய்தாய், கனி? அப்புறம் அந்தத் துண்டு முழுவதையும் ஓரம் ஓரமாகத் தேடி, மடிந்து இரட்டையாகிச் சிவப்பாகத் தெரிந்த ஒரு மூலையைக் கண்டுபிடித்து, அந்த மூலையை மட்டும் படம் எடுத்து, அவளுடைய கைடு வசுமதி மேடத்துக்கு அனுப்பினாள். அனுப்பினாய். கையில் எண் அழிந்தது தற்செயல், இது என்ன? மேடம் படத்தைப் பார்த்து ஒரு கட்டைவிரல் போட்டு அனுப்பினார். ஆய்வுக்குழுக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும், பி த்ரீதானே, மூணாவது பாசேஜ்தானே, என்று கேட்டார். ஆமாம் மேடம் என்று, ஆறு வருஷமாகத் தூத்துக்குடிப் பேச்சை நாக்குக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டு பழகின சுத்தமான சென்னைத் தமிழில் சொன்னாள். மேடம் அவளை நம்பினார். அதுதான் தாங்கவில்லை. திட்டுகிறவராக இருந்தால்கூடத் தேவலை. இரண்டு தடவையும் கமிட்டியிடம் போய் நின்று இந்தப் பெண்ணுக்காக நான் பொறுப்பு என்று சொன்ன மனுஷி.

கோயம்பேடு தாண்டி வண்டி வேகம் பிடித்ததும் மனசு ஒரு தினுசாகக் கெட்டிப்பட்டது. இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அவள் அப்படித்தான் நினைத்தாள். எட்டு என்றே வை. யாருக்குத் தெரியும்? குப்பி இல்லை, நோட்டில் மூன்று, ரெஜிஸ்டரில் மூன்றும் உண்டு. முயல் முட்டியில் வைத்து ஒன்றும் வளரவில்லை என்றால், வளரவில்லை என்று எழுதலாம், தோற்ற சோதனைக்கும் பட்டம் உண்டு. மூன்றாவது தலைமுறைச் செல்லை வைத்தும் வளரவில்லை என்று எழுதலாம். எழுதினால் அதைப் படிக்கிற இன்னொருத்தி, எங்கேயோ, கான்பூரிலோ கொரியாவிலோ, இந்த வழியை விட்டுவிட்டு வேறு வழிக்குப் போவாள். போகட்டுமே. அவளுக்கு என்ன வந்தது? எத்திராஜ் பிரேக் போட்டார், இடது காலை எடுத்து ஒரு தடவை உதறிக்கொண்டார், மறுபடி வைத்தார். முயலுக்கு? முயல் எப்படியும் பன்னிரண்டு வாரம் கழித்துச் சாகத்தான் போகிறது, முட்டியை வெட்டியெடுத்துப் பார்க்க வேண்டுமே. அப்படியானால் வெறும் பொய்க்காகச் சாகிறதா, இல்லையா, முயலுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. உனக்கு? இரண்டு வாரமாக ஒருநாள் விட்டு ஒருநாள் மாதவரத்து விலங்குக்கூடத்துக்குப் போய், ஆள் பழகட்டும் என்று கூண்டு வாசலில் உட்கார்ந்து கொத்தமல்லித் தண்டு கொடுத்தாள். நாலாம் நம்பர் முயலுக்குக் கோபம் அதிகம், கையை நீட்டினால் பின்னங்காலால் தரையில் ஓங்கி அடிக்கும், அடித்துவிட்டு வந்து தின்னும். அந்தப் பின்னங்காலில்தான் இன்றைக்குக் குழி தோண்டப் போகிறார்கள். நிறுத்து. வேறு எதையாவது நினை. டிசம்பர். சிவப்பு அங்கி, தட்டையான தொப்பி, அம்மாவுக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி, ஐயர் இனி இன்னுமா என்று கேட்க மாட்டார். முப்பத்தொரு வயதில் ஊருக்குப் போய் முடியவில்லை என்று சொல்கிறவளைப் பார்த்திருக்கிறாயா? சொல்லவே மாட்டார்கள், எங்கேயாவது ஓர் ஊரில் டியூஷன் எடுத்துக்கொண்டு கல்யாண வீடுகளுக்குப் போகாமல் இருந்துவிடுவார்கள். அவளுக்கு அப்படி ஒரு அக்காவைத் தெரியும். அந்த அக்கா என்ன ஆராய்ச்சி செய்தாள் என்பது யாருக்கும் ஞாபகமில்லை, விட்டுவிட்டாள் என்பது மட்டும் எல்லாருக்கும் ஞாபகம். பாடி மேம்பாலத்தில் போன் சிணுங்கியது. ஃபைரோஸ் அண்ணா. எழுத்தில்லை, குரல். தூக்கக் கலக்கத்தோடு சிரிக்கிற குரல். காதோடு ஒட்டி வைத்துக் கேட்டாள். “மூணா? நான் எப்பவும் மேல தட்டையா கோடு போட்டுத்தான் எழுதுவேன் கனி, எட்டோட குழம்பக்கூடாதுன்னு. என்ன, விடியக்காலையில கையெழுத்துப் பரீட்சையா?” மறுபடி கேட்டாள். மூன்றாவது தடவையும் கேட்டாள், ஏதோ மூன்றாவது தடவையில் வேறு சொல்லிவிடுவார் என்பது போல. வளைவு. அவள் பார்த்தது வளைவுதான். அழுகை வரவில்லை. வாய் மட்டும் உப்புக்கரித்தது. மறுபடி போன், இந்தத் தடவை மாதவரத்திலிருந்து, கால்நடை டாக்டர் கார்மேகம். எங்கே இருக்கிறீர்கள், ரெட்டேரி தாண்டியாச்சா, முதல் முயலுக்கு மயக்க ஊசி போட்டுவிடலாமா, நீங்கள் வருவதற்கும் அது தூங்குவதற்கும் சரியாக இருக்கும் என்றார். வாயைத் திறந்தாள். சொல்வதற்கு ஒரு சொல்தான், வேண்டாம், நாலெழுத்து. எத்திராஜ் ஹாரன் அடித்தார். “போடுங்க சார்” என்றாள் ஜெபக்கனி.

போட்டிருப்பார். இந்நேரம் போட்டிருப்பார். ஒரு சொல்லில் முடிகிற காரியத்தை, எட்டு என்று தெரிந்து அரை நிமிஷம்கூட ஆகாமல், வேறு சொல்லில் முடித்துவிட்டாள். இதுவரைக்கும் அழிந்துபோன ஓர் எண் இருந்தது, தெரியாது என்ற ஒரு திரை இருந்தது, இப்போது அதுவும் இல்லை, அவளும் பெட்டியும் மட்டும்தான். திரும்பப் போன் பண்ணு. பண்ணு கனி. விரல் போனின் மேல் இருந்தது. பண்ணினால் முதலில் அவர் கேட்பார், அடுத்து மேடம் கேட்பார், அடுத்து அந்தச் சிவப்பு மூலைப் படம் வெளியே வரும். அதுவல்லவா விஷயம். குப்பி தப்பாகிப்போச்சு என்றால் மன்னிப்பார்கள், திட்டிவிட்டு மன்னிப்பார்கள், படத்தை யார் மன்னிப்பார்கள்? ரெட்டேரி வந்தது, போனது. மூலக்கடைப் பக்கம் திரும்பாமல் நேரே போகச் சொன்னாளாம், எத்திராஜ் பிறகு சொன்னார், அவளுக்கு ஞாபகமில்லை. நீள நீளமான செல்கள் மனசில் ஓடின. அதுகளுக்கும் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. தட்டு மாற்றித் தட்டு மாற்றி, பெருகு பெருகு என்று தீனியைப் போட்டு, கடைசியில் எதற்காகப் பிறந்தோம் என்பது மட்டும் போய்விட்டது. பெட்டிக்குள் இப்போதும் நிம்மதியாகத் தின்றுகொண்டிருக்கும். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் சென்னைக்கு வந்தாள், முதல் தடவை மைக்ராஸ்கோப்பில் உயிருள்ள செல்லைப் பார்த்துவிட்டு விடுதிப் படிக்கட்டில் நின்று அம்மாவுக்குப் போன் போட்டு, எம்மா, அது நகருதும்மா, என்று கத்தினாள். அவள் எந்தத் தட்டில் தொலைந்தாள்? எந்தத் தலைமுறையில்? வண்டி நின்றது. எத்திராஜ் இறங்கி வந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டே, கதவைத் திறந்துவிட்டார். பெட்டியை அவரிடம் கொடுக்கவில்லை.

உள்ளே டெட்டால் வாடையும் வைக்கோல் வாடையும். பச்சைத் துணி விரித்த மேசையில் முயல் ஒருக்களித்துக் கிடந்தது, காதில் நாலு என்ற வளையம். ஏன்தான் அதை முதலில் எடுத்தார்களோ. பின்னங்காலில் முடியை மழித்து முட்டி வெளிறித் தெரிந்தது. கார்மேகம் சார் கையுறை போட்டுத் தயாராக நின்றார். கத்தி இன்னும் தட்டில்தான் இருந்தது. அதைப் பார்த்ததும்தான் மூச்சு வந்தது அவளுக்கு, அந்த மூச்சைக்கூட நம்ப முடியவில்லை. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான், ஆரம்பித்துவிடலாம் என்று சார் படிவம் கிடந்த பலகையைக் கண்ணால் காட்டினார். பெயர், தேதி, என்ன செல், யாருடைய செல், எத்தனையாவது பாசேஜ். பேனாவை எடுத்தாள். பெயர் எழுதினாள். தேதி எழுதினாள். கடைசிக் கட்டத்தில் கை அது பாட்டுக்கு எழுதியது, மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு, மூன்று. சார் விளக்கை இழுத்துச் சரி செய்தார். மூன்று. பேனா முனை காகிதத்தை விட்டு எழவில்லை. மை ஒரு பொட்டாக ஊறிக்கொண்டிருந்தது. முயலின் வயிறு ஏறி இறங்கியது. பேனா கீழ் முனையிலிருந்து இடதுபக்கமாக வளைந்து, நடுவுக்கு வந்து, அங்கே ஒரு நொடி நின்றது. பிறகு மேலே வளைந்து போய் மூடியது.

“சார், கத்தி வைக்காதீங்க” என்றாள். “இது மூணு இல்ல. எட்டு.”

அவர் படிவத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். விளக்கை அணைத்துவிட்டு, முயலின் மேல் துணியை இழுத்துப் போட்டுவிட்டு, அரை மணி நேரத்தில் எழுந்துவிடும், எழுந்தால் பசிக்கும் என்று மட்டும் சொன்னார். பிறகு மற்ற ஐந்தையும் கூண்டிலேயே விடச் சொல்ல வெளியே போனார். ஜெபக்கனி பெட்டியைத் தரையில் வைத்தாள், காலையிலிருந்து முதல் தடவையாக. முழங்கை மரத்துப்போயிருந்தது. துணிக்கு அடியில் கையை விட்டு மழித்த முட்டியைத் தொட்டாள், சூடாக இருந்தது. போன் அடித்தது. வசுமதி மேடம். நாலு தடவை அடிக்கவிட்டு எடுத்தாள்.

“முடிஞ்சுதா கனி?” என்று மேடம் கேட்டார், குரலில் அத்தனை ஆசை.

“முடிஞ்சிட்டு மேடம்” என்றாள் ஜெபக்கனி. “கொஞ்சம் உக்காந்துக்கோங்க, எல்லாத்தையும் சொல்லுதேன்.”